ஒரு சிட்டம் நூல்

நூல் நூற்கும் தக்ளி மறுபடியும் தரையில் விழுந்து, கூடத்தைக் குறுக்காகக் கடந்து, ஊஞ்சலுக்கு அடியில் போய் நின்றது. அதை எடுக்க வீரராகவன் குனிந்தார். நிமிரும்போது ஊஞ்சல் பலகை பின்மண்டையில் இடித்தது.

எட்டு வயது வைஜயந்தி சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"திரியை நசுக்கறேள் அப்பா. லேசாப் பிடிச்சுக்கணும். குருவிக்குஞ்சைப் பிடிச்சுக்கற மாதிரி."

"நீ எனக்குச் சொல்லித் தரியா?"

"ஆமாம்" என்றாள் வைஜயந்தி.

அந்த வருஷம் பள்ளிக்கூடங்களில் நூல் நூற்பு நுழைந்திருந்தது. மூன்றாம் வகுப்பு லூர்துராணி டீச்சர் ஒவ்வொரு குழந்தையிடமும் ஒரு தக்ளியும் ஒரு கட்டுப் பஞ்சுத் திரியும் கொடுத்து அனுப்பியிருந்தாள். தை மாதக் கடைசியில் பள்ளியில் கண்காட்சி. அதற்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சிட்டம், அதாவது சுற்றிக் கட்டிய ஒரு கட்டு, நூல் வரவேண்டும். வீரராகவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

மீதியைக் கேட்பது அவர் வழக்கமில்லை. திருச்சிக் கோட்டையில் ஒரு சர்க்கார் ஆபீசில் அவர் ஹெட் குமாஸ்தா. கீழே இருப்பவர்கள் இரண்டு சொல் சொல்வதற்குள் வாக்கியத்தின் மீதியை அவரே சொல்லி, பதிலையும் சொல்லி, ஆளை அனுப்பிவிடுவார். ஆபீசில் இதற்குத் திறமை என்று பெயர்.

"இப்போ பாருங்கோ" என்று வைஜயந்தி தக்ளியை வாங்கிச் சுண்டிவிட்டாள். அது பம்பரமாகச் சுழன்றது. அவள் கை மெல்ல உயர, திரியிலிருந்து மெல்லிய இழை ஒன்று தானாகப் பிறந்து வந்தது. ஒரு முழம் ஆனதும் நிறுத்தி, தக்ளியை அப்பாவிடம் நீட்டினாள். "இப்போ நீங்க."

"உனக்குத்தான் இவ்வளவு நன்னா வரதே. நீயே நூத்து முடிச்சுடேன்."

"எனக்குத்தான் தெரியுமே அப்பா. தெரிஞ்சவா எதுக்கு நூக்கணும்? டீச்சர் என்ன சொல்லியிருக்கான்னா..."

"டீச்சர் ஆயிரம் சொல்லுவா. இது உன் வேலையா, என் வேலையா?"

"உங்க வேலைதான்."

வீரராகவனுக்குக் கோபம் தலைக்கேறியது. உள்ளேயிருந்து கோதைநாயகியின் குரல் வந்தது. "குழந்தை சொல்றபடிதான் பண்ணுங்கோளேன். என்ன குறைஞ்சு போயிடும்?"

"நீ இடம் குடுத்துக் குடுத்துத்தான் இவ இப்படி ஆயிட்டா. தெரிஞ்ச வேலையைச் செய்யச் சோம்பல். அதுக்கு வாய் வேற!"

அவருக்குக் கோபத்தைவிடப் பயம் அதிகம். காரணம் சௌரிராஜன். தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி டவுன் ஸ்டேஷன் வரை அவரோடு ஒரே ரயில் பெட்டியில் போகிறவர். அவர் பெண்ணும் அதே மூன்றாம் வகுப்பு. போன மாதம் பெண்ணுக்காகத் தானே உட்கார்ந்து திருச்சி ஜில்லா மேப் வரைந்து அனுப்பியதை அவர் பெருமையாகச் சொல்லப்போக, வீரராகவன் பெட்டி முழுவதும் கேட்கும்படி, "குழந்தைக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுக்கறீர் ஓய்! பச்சைமலையை வரைஞ்சீரே, உம்ம பொண்ணுக்கு அது எந்தத் திசையில இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டார். சௌரிராஜன் காவிரியைப் பார்க்கிற பாவனையில் ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டார்.

அப்படிப் பேசியவரின் பெண் வெறுங்கையோடு கண்காட்சிக்குப் போவதா?

போகக் கூடாது. ஆகவே பேசியவரே தினமும் சாயங்காலம் கதவைத் தாழிட்டுக்கொண்டு நூற்க உட்கார்ந்தார். வெளியே காலடிச் சத்தம் கேட்டால் தக்ளியை வேஷ்டி மடிப்பில் ஒளித்தார். அது ஒருநாள் தொடையில் குத்தி, வாசலுக்கு வந்த பால்காரர் சின்னையனிடம், "ஐயோ" என்று முதல் வார்த்தையாகச் சொல்லும்படி ஆயிற்று.

"ஏன் சாமி? பாலுல தண்ணியே கலக்கலையே!" என்றார் சின்னையன் பதறி.

அவர் நூற்ற நூல் ஓர் இடத்தில் தாம்புக்கயிறு, அடுத்த இடத்தில் சிலந்தி வலை. இரண்டும் சேரும் இடத்தில் அறுந்தது. வைஜயந்தி எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, முழங்கையை உயர்த்தச் சொன்னாள், மூச்சை அடக்க வேண்டாம் என்றாள், ஒருமுறை அவர் கட்டைவிரலைப் பிடித்துத் திருத்தி வைத்தாள்.

"போய் வாய்ப்பாடு படி."

"படிச்சுட்டேன். நாளைக்கு வரும்பா. எனக்கும் முதல்ல வரலை."

மகள் தன்மேல் இரக்கப்படுகிறாள் என்பதை வீரராகவன் கண்டுகொண்டார். அன்று இரவுச் சாப்பாட்டில் இரண்டாம் முறை சாத்துமுது சாதம் கேட்காமல் எழுந்துவிட்டார்.

கண்காட்சிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. உறையூர் போய்த் தறிக்காரர்களிடம் நூல் வாங்கலாம். ஆனால் அது மில் நூல் என்று கண் தெரியாதவரும் தடவிச் சொல்லிவிடுவார். கையால் நூற்றதாக இருக்கவேண்டும். மெல்லியதாகவும் இருக்கவேண்டும். இதற்கு எங்கே போவது?

மறுநாள் காலை சந்தியாவந்தனம் செய்துகொண்டிருந்தபோது விடை கிடைத்தது. காயத்ரி பாதியில் நின்றுபோயிற்று. கட்டைவிரலில் மாட்டியிருந்த பூணூலை வீரராகவன் உற்றுப் பார்த்தார். கையால் நூற்றது. மெல்லியது. ஊரில் வேண்டிய மட்டும் கிடைப்பது.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று மாலை அவர் புரோகிதர் அழகியமணவாளன் வீட்டில் நின்றார். ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேருக்குப் பூணூல் அவர் வீட்டிலிருந்துதான்.

"வாங்கோ ஸ்வாமி, எழுந்தருளணும்! அடியேன் என்ன கைங்கர்யம் பண்ணணும்?"

"பூணூல் வேணும்."

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு கட்டு."

அழகியமணவாளன் கையிலிருந்த நூலைக் கீழே வைத்தார். ஆவணி அவிட்டம் போய் மாதங்கள் ஆகின்றன. வீரராகவனுக்கு ஒரே பெண் என்பதும் அவருக்குத் தெரியும்.

"தேவரீர் திருமாளிகையில என்ன விசேஷமோ?"

"உபநயனம்" என்றார் வீரராகவன். சொன்ன பிறகுதான் யாருக்கு என்று யோசித்தார். "எங்காத்துல இல்லை. உப்பிலியபுரத்துல. ஒண்ணுவிட்ட தம்பி பிள்ளைக்கு."

"பேஷ், பேஷ்! அங்கே வாத்தியார் கிடைக்கறது சிரமமாச்சே. அடியேன் வேணும்னா வந்து நடத்தி வைக்கறேன்."

"வேண்டாம் ஸ்வாமி. ரொம்ப தூரம்."

"பகவத் காரியத்துக்குத் தூரம் ஏது? குழந்தைக்கு என்ன நக்ஷத்ரம்?"

வீரராகவன் வாய்க்கு வந்த நட்சத்திரத்தைச் சொன்னார். அழகியமணவாளன் கண்ணை மூடி, இல்லாத அந்தக் குழந்தைக்கு நீண்ட ஆயுசும் வேத அப்பியாசமும் உண்டாக வேண்டுமென்று பிரார்த்தித்து, இரண்டு கட்டுக்குமேல் ஒரு பூணூலை ஆசீர்வாதமாக வைத்துக் கொடுத்தார். அதை வாங்கும்போது வீரராகவனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கோதைநாயகியும் வைஜயந்தியும் தாயார் சந்நிதிக்குப் போனதும், அவர் கொல்லையில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்தார். பூணூலுக்கு மூன்று புரி. ஒவ்வொரு புரிக்கும் மூன்று இழை. அதன்மேல் பிரம்ம முடிச்சு. ஓர் அந்தணன் வாழ்நாளில் கட்டத்தான் கற்றுக்கொள்கிறான். அவிழ்க்க யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் முடிச்சுக்கு முன்னால் கோபுரம் இருந்த திசையில் கும்பிட்டுக்கொண்டார். அடுத்ததிலிருந்து நகத்தால் கிழித்தார். துண்டு இழைகளை எச்சில் தொட்டு முறுக்கி ஒன்றோடொன்று சேர்த்தார். பால் வற்றிய பசு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சற்றுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பிரித்த நூலில் பூணூலுக்குத் தடவிய மஞ்சள் தெரிந்தது. போகட்டும் என்று சீயக்காய் போட்டுக் கசக்கினார். மஞ்சள் போய்க் காபி நிறம் வந்தது. முறுக்கு விட்ட நூல் சேவை போலச் சுருண்டது. நிமிரட்டும் என்று கொய்யா மரத்தில் கட்டி எடைக்கல்லைத் தொங்கவிட்டார். சுருள் நிமிர்ந்தது. எடைக்கல் காலில் விழுந்தது. நொண்டிக்கொண்டே எல்லாவற்றையும் சுற்றிக் கட்டியபோது, பார்வைக்கு அழகான ஒரு சிட்டம் கையில் இருந்தது.

கண்காட்சியன்று காலை அதை வைஜயந்தியிடம் நீட்டினார். அவள் கண்கள் விரிந்தன.

"நீங்களா நூத்தேள்?"

எத்தனையோ கேள்விக்கு அவர் பதில் தயாராக வைத்திருந்தார். இந்தக் கேள்விக்கு இல்லை.

"ஆமாம்."

"முழுக்கவா? யாரும் ஒத்தாசை பண்ணாமலா?"

"ஆமாம்னு சொல்றேனே."

வைஜயந்தி சிட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "எனக்குத் தெரியும்பா, உங்களுக்கு வரும்னு! அம்மாகிட்டகூடச் சொன்னேன்!"

வீரராகவன் உத்தரத்தைப் பார்த்தார். ஒரு பொய்யால் குழந்தைக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா?

"ஆனா ஒண்ணு. ஸ்கூல்ல யார் கேட்டாலும் அப்பா நூத்தார்னு சொல்லக் கூடாது."

அவள் கைகள் விலகின. "ஏன்?"

"கூடாதுன்னா கூடாது."

"அப்போ யாருன்னு சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதே. வாயையே திறக்காதே."

குழந்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த குழப்பத்தை வீரராகவன் அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். அதுவும் தனக்கு வேண்டியதுதான் என்று நினைத்தார். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கையில் கோதைநாயகி காவிரியிலிருந்து ஈரப் புடைவையோடு வந்தாள். வந்த வேகம் சரியில்லை.

"உப்பிலியபுரத்துல யாருக்கு உபநயனம்?"

வீரராகவன் பட்டனை விட்டுவிட்டார்.

"அழகியமணவாளன் ஆத்து மாமி படித்துறையில வெச்சுக் கேக்கறா. எத்தனை நாள் இருக்கப்போறேள், என்ன சீர் கொண்டு போறேள்னு. எனக்கு ஒண்ணுமே தெரியலை. மரம் மாதிரி நின்னேன். உங்க மனுஷா ஆத்து விசேஷம்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"அது நின்னு போச்சு" என்றார் அவசரமாக.

"உபநயனம் ஏன் நிக்கறது?"

"தீட்டு."

"ஐயோ! யாரு?"

"பெரியப்பா. ரொம்ப நாளாப் படுக்கை."

"உங்களுக்குப் பெரியப்பாவா! அப்போ பங்காளித் தீட்டு! பத்து நாள்!"

அவசரத்தில் கொன்ற ஆளின் உறவுமுறையைச் சரிபார்க்கவில்லை என்பது வீரராகவனுக்கு அப்போதுதான் உறைத்தது. "கூப்பிடறதுதான் பெரியப்பா. அம்மா வழியில தூரத்து உறவு. ஒரு ஸ்நானம் பண்ணினாப் போறும்."

"பண்ணினேளா?"

"இல்லை..."

"எப்போ சேதி வந்தது?"

"நேத்து."

கோதைநாயகி பின்வாங்கிச் சுவரோடு நின்றாள். "நேத்தா! தீட்டோடயா இன்னிக்குக் காலம்பற பெருமாளைத் தொட்டுத் திருவாராதனம் பண்ணினேள்? அந்தத் தீர்த்தத்தைத்தானே நானும் குழந்தையும் வாங்கிண்டோம்! எல்லாத்தையும் கழுவி மறுபடி தளிகை பண்ணணும். போங்கோ, கிணத்தடிக்குப் போங்கோ! சட்டையைக் கழட்டாதேங்கோ, அப்படியே போங்கோ!"

தை மாதக் குளிரில், கண்காட்சிக்கென்று மடித்து வைத்திருந்த சட்டையோடு, பிறக்காத ஒருவர் இறந்ததற்காக வீரராகவன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். உள்ளே அவர் மனைவி பானைகளைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. நடுவில், "பாவம், எப்படிப் போனாராம்?" என்று கேட்டாள். "நிம்மதியாப் போனார்" என்றார். பற்கள் அடித்துக்கொண்டன.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நிகழ்ச்சி பாதி முடிந்துவிட்டது. யாரோ ஒரு மாமி கூச்சத்தோடு மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்க, எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் சௌரிராஜன் இடம் விட்டு நகர்ந்தார்.

"என்ன ஓய், இவ்வளவு லேட்டு? நான் முடிச்சுட்டேன். இப்போதான்..."

"தெரியும் ஓய், தெரியும்" என்று வீரராகவன் அடக்கினார். இன்றைக்கு இந்த மனிதரோடு பேசும் தகுதி தனக்கில்லை என்று பட்டது.

நீள மேஜையில் சிட்டங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையின் பெயர். வீரராகவன் எட்டிப் பார்த்தார். கயிறு போல ஒன்று. முடிச்சு முடிச்சாக ஒன்று. பாதியில் நின்றது ஒன்று. சௌரிராஜன் பெண்ணின் பெயர் ஒட்டியிருந்தது தேங்காய் நாராகத்தான் இருந்தது. ஆக எல்லாம் குழந்தைகளே நூற்ற உண்மையான நூல். பொய் சொன்ன சிட்டம் ஒன்றே ஒன்று. அது நடுவில், சீராக, காபி நிறத்தில், வெட்கமில்லாமல் பளபளத்துக்கொண்டிருந்தது.

தலைமை தாங்க வந்திருந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் அதைத்தான் கையில் எடுத்தாள்.

"லூர்துராணி, இதைப் பாரு. இத்தனை சிட்டத்துல இது ஒண்ணுதான் நூல் மாதிரி இருக்கு. பட்டு மாதிரி! இது என்ன பருத்தி, இந்த நிறத்துல?"

"வைஜயந்தியோடது, மேடம். வைஜயந்தி, இங்க வாம்மா."

வைஜயந்தி முன்வரிசையிலிருந்து எழுந்து போனாள். ரிப்பன் கட்டிய பின்னல் ஒன்று முன்னால் விழுந்திருந்தது.

"சொல்லு கண்ணு. இதை யார் நூத்தது?"

குழந்தை வாயைத் திறக்கவில்லை.

"பயப்படாம சொல்லும்மா. யார் நூத்தாங்க?"

வைஜயந்தி கடைசி வரிசையைப் பார்த்தாள். அப்பாவைக் கண்டுகொண்டாள். பார்வை கெஞ்சியது. உதடுகள் இறுகின. கண்ணில் நீர் கட்டியது.

"ஏன் சொல்ல மாட்டேங்கிற? யாராவது சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்களா?" என்றாள் லூர்துராணி.

வீரராகவனின் காதுமடல் எரிந்தது. இருபது வருஷ உத்தியோகத்தில் அவர் எத்தனையோ பேரை இப்படி நிற்க வைத்திருக்கிறார். அவர்களில் யாரும் எட்டு வயதுக் குழந்தையாக இருந்ததில்லை. ரயில் பெட்டியும், சௌரிராஜன் ஜன்னல் பக்கம் திரும்பியதும் நினைவுக்கு வந்தன. இன்னும் ஒரு கேள்வி கேட்டால் குழந்தை அழுதுவிடுவாள்.

அவர் எழுந்துவிட்டார். ஈரம் காயாத வேஷ்டி காலில் ஒட்டியது.

"குழந்தையை ஒண்ணும் கேக்காதேங்கோ" என்றார். குரல் அவருடையது போலவே இல்லை. "அவ மேல தப்பில்லை. நான்தான் சொல்லக் கூடாதுன்னேன். அதை அவ நூக்கலை."

எல்லோரும் திரும்பினார்கள்.

பூணூலைப் பிரித்ததையும் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தார். ஆனால் முன்வரிசையில் ஊர்ப் பெரியவர்கள் நாமத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நொடியில் தைரியம் பாதியாகக் குறைந்தது. உண்மையும் அதற்கேற்பக் குறைந்தது.

"நான் நூத்தேன்" என்றார். "அத்தனையும் நானேதான் நூத்தேன். என்னை மன்னிக்கணும்." தலை குனிந்துகொண்டார்.

பிறகு யாரோ கைதட்டினார்கள். சௌரிராஜன்தான். அவரைத் தொடர்ந்து கூடமே தட்டியது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று தட்டினார். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் சிட்டத்தை உயர்த்திக் காட்டினாள். வைஜயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெருமை தாங்காமல் குதிகாலைத் தூக்கி நின்றாள். இது என்ன கேலி என்று புரியாமல் வீரராகவன் விழித்தார்.

லூர்துராணி டீச்சர் மேஜையிலிருந்து ஒரு தக்ளியையும் திரியையும் எடுத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு அவரை நோக்கி வந்தாள்.

"மன்னிப்பு எதுக்குங்க சார், ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுல ஒரு பெரியவங்களுக்குக் கத்துக் குடுத்து அவங்க நூத்த நூலைக் கொண்டு வரணும்கிறதுதானே பாடமே, மத்த அப்பா அம்மாவெல்லாம் மேடையில நூத்துக் காட்டிட்டாங்க, நீங்க ஒருத்தர்தான் பாக்கி, வாங்க!"